தராசின் முன்னும் திருவிருந்தின் முன்னும்: வாசகர் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் உபதேசம் பற்றிய சந்தேகம் ஒன்றுகூட இல்லை. திரித்துவத்தைப் பற்றியோ கடைசிக் காலத்தைப் பற்றியோ யாரும் கேட்கவில்லை. கடை, கல்யாணம், ஊர் வரி, கைக்குழந்தை, ஏலம் என்று கோவில் வாசலைத் தாண்டிய காரியங்களைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. உபதேசியாரின் மகனாகத் தேரிக்காட்டுக் கிராமங்களில் வளர்ந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தக் கேள்விகள் எனக்கும் பழக்கமானவை. சிலவற்றில் நான் தோற்றும் இருக்கிறேன்.

கேள்வி: உடன்குடிப் பக்கத்தில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கருப்பட்டி வியாபாரம் செய்கிறது. பனையேறிகள் குறைந்துவிட்டதால் சுத்தமான சரக்கு போதவில்லை. சீனி சேர்த்துக் காய்ச்சியதையே சுத்தக் கருப்பட்டி என்று பலரும் விற்கிறார்கள். அப்பாவும் அதையே செய்கிறார். லாபத்தில் தசமபாகம் தவறாமல் கொடுக்கிறோம். சென்ற லெந்து (தவக்கால) நாட்களிலிருந்து என் மனம் உறுத்துகிறது. கலப்படம் இல்லாமல் விற்றால் கடை நிற்குமா ஐயா?
(வாசகர், உடன்குடி வட்டாரம்)

பதில்: தம்பி, கடை நிற்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது; அப்படித் தருகிறவர்களை நீங்கள் நம்பவும் வேண்டாம். நேர்மையாக நடந்தேன், வியாபாரம் பத்து மடங்கு பெருகியது என்று சாட்சி சொல்கிறவர்களைக் கூட்டங்களில் மேடையேற்றுகிறோம். நேர்மையாக நடந்து கடையை மூடியவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை. அவரும் நம் சபைகளில்தான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் தொழிலை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், ஆனாலும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பனையேறி கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால், பாளையிலிருந்து வடிகிற சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். தடவினால் பதநீராக இறங்கும். தரையிலிருந்து யார் கண்ணுக்கும் எட்டாத அந்த உயரத்தில், தினமும் மரம் மரமாக ஏறி இறங்குகிற ஒருவர் அந்தச் சின்ன வேலையை ஒழுங்காகச் செய்வதால்தான், கீழே உங்கள் கடைக்குக் கருப்பட்டி என்ற சரக்கே வந்து சேருகிறது. அவருடைய உழைப்பை வாங்கி, அதில் பல மடங்கு மலிவான சீனியைக் கலந்து, அவருடைய பொருளின் பெயரிலேயே விற்கும்போது ஏமாறுகிறவர் வாங்குகிறவர் மட்டுமல்ல. சுத்தச் சரக்குக்கு உரிய விலை சந்தையில் நிலைக்காமல் போவதால் பனையேறியும் ஏமாறுகிறார். பனையேறிகள் குறைந்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் குறைந்ததற்குக் காரணங்கள் பல உண்டு. கலப்படமும் அவற்றில் ஒன்று என்பதை உங்கள் அப்பாவும் மறுக்கமாட்டார். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. அந்தப் பெயரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் உங்களைப் போன்ற கடைக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. கலந்ததைச் சுத்தம் என்று விற்பது 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். மனச்சாட்சியின் காரியம் என்பதால் சட்டத்தின் காரியம் அல்ல என்று ஆகிவிடாது.

தசமபாகத்துக்கு வருவோம். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் சொல்லும்போது, அந்தத் தராசில் வந்த பணத்தில் பத்தில் ஒன்று கொடுத்தால் அருவருப்பு நீங்கும் என்று அடுத்த வரியில் சொல்லவில்லை. வரி வசூலித்த சகேயுவின் கதையைக் கவனமாகப் படியுங்கள். அவன் தேவாலயத்துக்குக் காணிக்கை தருவதாகச் சொல்லவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கினது இருந்தால் யாரிடம் வாங்கினானோ அவனுக்கே நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாகவும் சொன்னான். கணக்கு எவரிடம் தவறியதோ அவரிடமே தீர்க்கப்பட வேண்டும். கோவில் அதற்கு மாற்றுக் கணக்கு ஆகாது. காணிக்கைப் பையைச் சலவைப் பெட்டியாகப் பயன்படுத்துகிற வழக்கம் நம் சபைகளில் பெருகியிருப்பதால் இதைக் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

இனி நடைமுறை. அப்பாவை எதிர்த்துப் பேசி நாளைக்கே கடையை மாற்றிவிட முயல வேண்டாம். முதலில், பொய் சொல்லுவதை மட்டும் நிறுத்துங்கள்: சீனி சேர்த்த சரக்கை, சீனி சேர்த்தது என்று எழுதி, அதற்குரிய குறைந்த விலையில் தனியாக வையுங்கள். அதை வாங்குகிறவர்களும் இருப்பார்கள். தெரிந்து வாங்குவதில் ஏமாற்று இல்லை. இரண்டாவதாக, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு மூன்று பனையேறிக் குடும்பங்களிடம் பருவத் தொடக்கத்திலேயே பேசி, நியாயமான முன்பணம் கொடுத்து, அவர்கள் காய்ச்சுகிற கருப்பட்டியைத் தனிப் பெட்டியில், தனி விலையில் விற்றுப் பாருங்கள். அளவு சிறிதாகத்தான் இருக்கும். முதல் பருவத்தில் நஷ்டம்கூட வரலாம். இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் 1847-இல் தொடங்கிய கோவில் 1880-இல்தான் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள். பனையை நம்பிப் பிழைத்த தேரிக்காட்டுச் சபையார் அத்தனை காலம் பொறுத்திருந்தார்கள் என்றால், ஒரு கடையைத் திருத்துவதற்கு நீங்கள் நாலைந்து பருவங்கள் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் முதல் படியாகிய பொய்யை நிறுத்துவதற்குத் தவணை கேட்காதீர்கள்.

கேள்வி: எனக்கு இருபத்தேழு வயது, பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் பழகிய ஒருவரை மணக்க விரும்புகிறேன். அவரும் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தில் பங்கு பெறுகிறவர், ஞாயிறு பள்ளியில் கற்பிக்கிறவர். சேகரக் கமிட்டியில் (சபை நிர்வாகக் குழுவில்) பொறுப்பில் இருக்கும் என் அப்பா, "அவங்க நம்ம ஆளுக இல்ல" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். கோவிலில் எல்லாரும் ஒன்று, கல்யாணம் வேறு என்கிறார். தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளைக்கு நான் கீழ்ப்படிய வேண்டுமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: மகளே, உன் கடிதத்தைப் படித்துவிட்டு நம் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களில் 'ஜெபிக்கிற', 'மறுபடியும் பிறந்த' என்ற சொற்களுக்குப் பக்கத்திலேயே சாதியின் பெயரும் அச்சாகியிருக்கிறது. அந்த விளம்பரத்துக்கு வாங்கிய காசில்தான் இந்தப் பக்கத்துக்கும் காகிதம் வாங்குகிறோம். ஆகவே உன் அப்பாவைப் பற்றி எழுதுமுன் எங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

வடக்கன்குளத்துக் கோவிலின் கதையை உன் அப்பா அறிந்திருப்பார். வேளாளரும் நாடாரும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் வழிபடுவதற்கென்று நடுவில் பிரிவினை வைத்து, இரண்டு கால்களாகப் பிரிந்து பீடத்தில் மட்டும் சேர்கிற வடிவில் கட்டப்பட்டதால், 'கால்சட்டைக் கோவில்' என்றே பெயர் பெற்றது அது. 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. சுவர் வேண்டும் என்றவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், சாதியின் பெயரால் கோவிலுக்குள் தனி இடம் கோரும் உரிமை இல்லை என்றே முடிந்தது. நீலகண்டனாகப் பிறந்த தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றதும் அதே வடக்கன்குளத்தில்தான். 2022-இல் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது அந்த வட்டாரமே கொண்டாடியது. சாதியை விட்டு வந்து உயிரையும் கொடுத்த ஒருவரை நினைவுகூருகிற அதே ஊர், சாதிக்காகக் கோவிலுக்குள் சுவரும் எழுப்பியிருந்தது. இது கத்தோலிக்கர் கதை, நமக்கென்ன என்று சீர்திருத்தச் சபையாராகிய நம் திருமண்டலத்தார் சொல்லிக்கொள்ளலாம். நாம் கோவிலுக்குள் சுவர் எழுப்பவில்லைதான். எழுப்ப வேண்டிய தேவை நமக்கு வரவில்லை. பல ஊர்களில் ஒரு கோவிலே ஒரு சாதியாக இருக்கும்போது சுவர் எதற்கு?

உன் அப்பாவின் வாதம், கோவிலில் ஒன்று, கல்யாணத்தில் வேறு என்பது. அவரிடம் மரியாதையாக ஒன்றைக் கேட்டுப் பார். திருவிருந்தில் அந்தப் பையன் முழங்கால்படியிட்டு ஒரே பாத்திரத்தில் வாய் வைத்த பிறகு, அதே பாத்திரத்தில் அப்பாவும் வாய் வைத்திருக்கிறார். அந்த வேளையில் அவருக்கு எச்சில் தீட்டு இல்லை. பீடத்தின் முன் சகோதரனாக இருக்கிறவன் பந்தியில் மருமகனாக உட்காரக் கூடாது என்றால், பீடத்தின் முன் நடப்பது ஒரு சடங்கு மட்டுமே என்று அவரே ஒப்புக்கொள்வதாக ஆகிறது. கமிட்டிப் பொறுப்பில் இருக்கிறவருக்கு இது சிறிய காரியம் அல்ல.

தகப்பனையும் தாயையும் கனம்பண்ணுவது கட்டளைதான். அதை நான் தளர்த்தமாட்டேன். ஆனால் கனம்பண்ணுவது என்பது அவர்களுடைய பாவத்துக்கு உடன்படுவதல்ல. ஒளித்துச் செய்யாமல், அவர் முகத்துக்கு முன்பாக, காத்திருக்க மனமுள்ளவளாகப் பேசுவதே அவருக்கு நீ செய்யும் கனம். ஓர் ஆண்டு காத்திரு. உங்கள் குருவானவரிடம் இருவருமாகப் போங்கள். அவர் அப்பாவிடம் பேசத் தயங்குவார், ஏனென்றால் அப்பாவின் கமிட்டி அவர் தலைமேல் இருக்கிறது. தயங்கினால் ஓய்வுபெற்ற மூத்த குருவானவர் ஒருவரை நாடுங்கள். காத்திருந்தும் மனம் மாறாவிட்டால், நீ வயது வந்தவள். மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசித்து, சபையறிய, கோவிலில் மணந்துகொள்ள உனக்குத் தடையில்லை. இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது, எழுதக் கூசுகிறது. சாதி மாறி மணந்த பிள்ளைகளின் இரத்தம் நம் மாவட்டத்து மண்ணில் சிந்தியிருக்கிறது. உறவினர் யாராவது மிரட்டினால் அதை வீட்டுச் சண்டை என்று நினைத்து மறைக்காதே. வயது வந்த இருவரின் திருமணத்துக்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை என்றும், அவர்களைக் காப்பது காவல்துறையின் கடமை என்றும் உச்சநீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஜெபத்தோடு கூட எழுத்துமூலமான புகாரும் வேண்டும்.

கேள்வி: இந்த ஆண்டு சேகரக் கமிட்டித் தேர்தலில் நிற்கும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். விசுவாசி தேர்தலில் நிற்கலாமா?
(வாசகர், திசையன்விளை)

பதில்: நிற்கலாம். வாக்குக் கேட்டுப் போகும் வீடுகளுக்கு, தேர்தல் இல்லாத ஆண்டில் ஒரு தரமாவது போயிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டு நில்லுங்கள். தோற்றால் வழக்குப் போடமாட்டேன் என்று முன்கூட்டியே மனைவியிடம் வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: நாங்குநேரிப் பக்கத்தில், எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நான்கே. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கிறார்கள். எங்கள் குருவானவர் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்கிறார். ஆனால் சென்ற ஆண்டு என் தாயார் இறந்தபோது குழி வெட்டியதும் பந்தல் போட்டதும் இந்த ஊரார்தான். கொடைப் பொங்கலையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். நான் என்ன செய்ய வேண்டும்?
(வாசகர், நாங்குநேரி வட்டாரம்)

பதில்: இந்தக் கேள்வி இருநூறு ஆண்டுகளாக நம் மண்ணில் கேட்கப்படுகிறது. கோவில் வரி கொடுக்க மறுத்ததற்காகவே முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் பலர் அடிபட்டார்கள், வீடுகளையும் ஜெப வீடுகளையும் இழந்தார்கள். அப்படித் துரத்தப்பட்டவர்கள் குடியேறுவதற்காக 1799-இல் உண்டானதே முதலூர். பெயரே அதைச் சொல்லும். (இன்று அந்த ஊரை மஸ்கோத் அல்வாவுக்காக மட்டும் தெரிந்து வைத்திருக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.) பின்னர் பாளையங்கோட்டையில் ஊழியம் செய்த ரேனியஸ், இப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றவே 1830-இல் தரும சங்கத்தை ஏற்படுத்தினார். டோனாவூர், மெய்ஞ்ஞானபுரம், நாசரேத் என்று நம் வரைபடத்தில் இருக்கும் பெயர்களுக்குப் பின்னால் அடைக்கலம் தேடிய மக்களின் நீண்ட வரலாறு இருக்கிறது.

அந்தக் கிறிஸ்தவ ஊர்கள் நம்மைக் காப்பாற்றின, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையையும் கொடுத்தோம் என்பது என் எண்ணம். நம்மவர்களே நிறைந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்ததில், மற்றவர்கள் நடுவே கிறிஸ்தவனாக வாழ்வது எப்படி என்பதை மறந்துபோனோம். நீங்கள் மறக்கவில்லை, மறக்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். ஆகவே உங்கள் குருவானவருக்குத் தெரியாத சில காரியங்கள் உங்களுக்குத் தெரியும் என்பதை அவரிடம் பணிவோடு சொல்லுங்கள்.

பூசைக்கும் பலிக்கும் ஆகிற செலவுக்குப் பணம் கொடுக்க உங்கள் மனச்சாட்சி இடந்தராவிட்டால் கொடுக்க வேண்டாம். அதில் நான் குருவானவர் பக்கம். ஆனால் வரி பிரிக்க வருகிறவரிடம் வாசலில் நின்று மறுக்காதீர்கள். கொடைக்கு ஒரு மாதம் முன்பே நீங்களாகச் சென்று ஊர்த் தலைவரைப் பாருங்கள். எதற்குக் கொடுக்க முடியாது என்பதை நேராகச் சொல்லி, அந்தத் தொகைக்குக் குறையாமல் ஊர்ப் பொதுக்காரியம் ஒன்றுக்கு, தண்ணீர்த் தொட்டிக்கோ தெருவிளக்குக்கோ பள்ளிக்கூடத்துக்கோ, கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். சொன்னதைக் கொடை முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். பணத்தை மிச்சம் பிடிப்பதற்காக வேதத்தைக் காட்டுகிறான் என்ற பேச்சுக்கு இடம் இருக்கக் கூடாது. வெளியூரிலிருந்து வரும் விருந்தாளிகளுக்கு உங்கள் வீட்டுத் திண்ணையையும் தண்ணீரையும் திறந்து வையுங்கள். குழி வெட்டிய கைகளுக்கு அது கடன்தான்.

பொங்கலைப் பற்றி எனக்குக் குழப்பமில்லை. அவிசுவாசி ஒருவன் விருந்துக்கு அழைத்தால், மனச்சாட்சியினிமித்தம் ஒன்றையும் விசாரியாமல், வைக்கப்பட்டதைப் புசிக்கலாம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் உங்களுக்கு அறிவித்து, அதனால் இன்னொருவர் இடறுவார் என்றால் மட்டும் தவிர்க்கச் சொன்னார். அன்போடு வந்த தூக்குச்சட்டியை வாசலிலிருந்து திருப்பி அனுப்புவதில் சாட்சி ஒன்றும் இல்லை. நம் வேதக்கோவிலின் அசன விருந்துச் சோற்றையும் கிறிஸ்துமஸ் பலகாரத்தையும் அவர்கள் இத்தனை காலம் விசாரியாமல்தான் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கூடவே, மார்கழியில் விடியற்காலை நான்கு மணிக்குப் பஜனை வரும்போது ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அதுவும் இந்தக் கேள்விக்கான பதிலில் அடங்கும்.

கேள்வி: எனக்கு மூன்று வயதில் ஒன்றும் கைக்குழந்தை ஒன்றும். கல்யாணத்துக்கு முன் தினமும் ஒரு மணி நேரம் வேதம் வாசித்து ஜெபித்தவள், இன்று இரண்டு வசனம் படிப்பதற்குள் ஒன்று அழுகிறது. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது. பின்வாங்கிப் போய்விட்டேனோ என்று பயமாக இருக்கிறது.
(வாசகி, சாயர்புரம்)

பதில்: அம்மா, டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாளைப் பற்றி ஞாயிறு பள்ளியில் படித்திருப்பாய். 1901-ஆம் ஆண்டு ஒரு சிறுமி கோவிலிலிருந்து தப்பி அவரிடம் ஓடிவந்தபோது, அவர் பிள்ளைகள் இல்லம் எதையும் நடத்திக்கொண்டிருக்கவில்லை. தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் சொல்லுவதே அவருடைய வேலை. அந்தச் சிறுமிக்குப் பின் மற்றவர்களும் வந்தார்கள், பச்சைக் குழந்தைகளும் வந்தார்கள்; பயணங்கள் நின்றன. ஊழியத்துக்கென்று கடல் தாண்டி வந்தவர், பால் காய்ச்சுவதிலும் நகம் வெட்டுவதிலும் காய்ச்சல் நெற்றியில் துணி நனைத்துப் போடுவதிலும் நாட்களைக் கழித்தார். இது ஊழியமா என்று கேட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். அவரோ இந்தியாவில் கழித்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பாமல், 1951-இல் அந்தப் பிள்ளைகள் நடுவிலேயே கண்மூடினார். கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்றவருக்கு, பறவைகள் வந்து நீர் குடிக்கும்படி ஒரு கல்தொட்டியைத்தான் பிள்ளைகள் வைத்தார்கள்.

உன் வீட்டில் நடப்பதும் அதே வேலைதான். ஒரு வித்தியாசம் உண்டு: அவருக்கு உதவ ஒரு கூட்டமே இருந்தது, உனக்கு இல்லை. ஆகவே என் முதல் ஆலோசனை உனக்கல்ல, உன் கணவருக்கு. மாலையில் அரைமணி நேரம் இரண்டு பிள்ளைகளையும் அவர் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கட்டும். அவர் ஜெபக்கூட்டத்துக்குப் போகிற நாளாக இருந்தால், அன்றைக்குக் கூட்டத்துக்குப் போகாமல் நடக்கட்டும். உனக்கு இரண்டாவது: நீளமான வாசிப்பை இந்த ஓரிரு ஆண்டுகளுக்கு விட்டுவிட்டு, ஒரு சங்கீதத்தை மனப்பாடம் செய். என் தாயார் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். அந்த ஒரு கணத்தில் அவர் உதடு அசையும். என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. ஏழு பிள்ளைகளோடு அவருக்கு நாளில் கிடைத்த ஜெப அறை அதுவாகத்தான் இருந்திருக்கும். சங்கக் கூட்டத்துக்கு நீ போகவில்லை என்று வருந்துகிறாய். நான்கு மாதத்தில் சங்கத்தார் எத்தனை பேர் உன் வீட்டுக்கு வந்து ஒரு வேளை குழந்தையைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதை அவர்களும் எண்ணிப் பார்க்கட்டும்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு பணி. ஓய்வுநாளை மீறுகிறேனா?
(வாசகி, தென்காசி)

பதில்: இல்லை. ஓய்வுநாளில் சூம்பின கையைச் சுகமாக்கியவரின் அடியவர்கள் நாம். பணியில்லாத ஞாயிறுகளில் கோவிலுக்கு வாருங்கள். பணியுள்ள ஞாயிறுகளில், கையுறை போட்டுக்கொள்ளும் நேரத்தில் ஒரு வரி ஜெபம் போதும். ஞாயிறு பணியை வேறு மதத்தவரான தோழியின் தலையில் எப்போதும் கட்டிவிட்டுக் கோவிலுக்கு வருவதைவிட இது நல்லது.

கேள்வி: எங்கள் சபை அசனப் பண்டிகை ஏலத்தில் அப்பா ஒரு தேங்காயை ஐந்தாயிரத்துக்கு எடுத்தார். மளிகைக் கடையில் எட்டு மாதப் பாக்கி நிற்கிறது. ஏலப் பணத்தையும் இன்னும் கட்டவில்லை. இது காணிக்கையா?
(வாசகர், மெய்ஞ்ஞானபுரம்)

பதில்: கொடுக்காத பணம் காணிக்கை ஆகாது, அது மளிகைக் கடைப் பாக்கிக்குப் பக்கத்தில் எழுத வேண்டிய இன்னொரு கடன். ஆனால் உங்கள் அப்பாவை எனக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு சேவலுக்கு நானும் இன்னொருவரும் போட்டியிட்டோம். கூட்டம் கைதட்டத் தட்டத் தொகை ஏறியது. ஐந்நூறு ரூபாய்க்கு நான் எடுத்தேன். அந்நாளில் அது பெரிய தொகை. ஐயரம்மா (குருவானவரின் மனைவி) பாராட்டினார்கள். பந்தலின் ஓரத்தில், என் வீட்டுச் சுற்றுச்சுவரைக் கட்டிய கொத்தனார் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நான் தர வேண்டிய கூலியில் முந்நூறு ரூபாய் இரண்டு மாதமாகப் பாக்கி. சம்பளம் வரட்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். மறுநாள் காலை அவர் வீட்டுக்கு வந்தார். பணம் கேட்கவில்லை. முற்றத்தில் கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "நல்ல சேவலு ஐயா" என்று மட்டும் சொன்னார்.

கூலிக்காரனுடைய கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்ற லேவியராகமத்து வசனத்தை அதற்கு முந்தின வாரம்தான் நான் வாலிபர்களுக்கு விளக்கியிருந்தேன். அன்றைக்கே கடன் வாங்கி அவருக்குக் கொடுத்தேன். கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சேவலை அறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. மூன்று ஆண்டுகள் எங்கள் வீட்டில் அது ஒவ்வொரு விடியற்காலையும் கூவியது. "இயேசுவை மறுதலிச்ச பேதுருவுக்கு இரண்டு தரம் கூவினதோடு நின்றுபோச்சு, உங்களுக்கு நிக்கவே மாட்டேங்குது" என்பாள் என் மனைவி.

உங்கள் அப்பாவை வீட்டில் யாரும் பரிகாசம் செய்ய வேண்டாம். மளிகைக் கடைக்காரரிடம் அவரோடு நீங்களும் போங்கள். மொத்தப் பாக்கியையும் எழுதி வாங்கி, மாதம் இவ்வளவு என்று தேதி குறித்துக் கொடுங்கள். அது தீர்ந்த பிறகு ஏலத் தொகையைக் கட்டுங்கள். சேகரத்தில் கேட்டால், கடைப் பாக்கி முதலில் என்று நேராகவே சொல்லலாம். அடுத்த பண்டிகைக்கு முன், ஏலம் எடுத்தவர் ரொக்கமாகக் கட்டினால் மட்டுமே பொருளை எடுத்துப் போகலாம் என்று கமிட்டியில் ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள். வசூல் குறையும் என்று பொருளாளர் எதிர்ப்பார்; எதிர்க்கட்டும்.